கையெடுத்தால் அணையும் விளக்கு

என் வேலை மேசையின் லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான் கிடக்கிறது. சோடாப் போத்தல் மூடியைப்போல இரண்டு மடங்கு பெரிது. அடிப்பக்கம் முழுக்க ரெசின் பிசின் ஊற்றி இறுகித் தேன் நிறத்தில் இருக்கிறது. அதற்குள்ளிருந்து இரண்டு வயர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேற்பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய துணி பாதி கிழிந்துவிட்டது. அந்தத் துணியை ஒட்டியவர் என் மதினி, என் அண்ணனின் மனைவி. அண்ணனை நாங்கள் நானா என்போம். நானாவின் கன்னத்தில் வெறும் பிளாஸ்டிக் படக்கூடாது என்று தன் பழைய சேலைத் தலைப்பில் வெட்டி ஒட்டினார். இந்தப் பொத்தானை என் நானா தன் கடைசி நேரத்தில் அழுத்தினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் இப்போது மௌத்தாகி இந்த உலகத்தை விட்டுப் போய்விட்டார். இனி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கற்பிட்டியில் படகுகளுக்கு மின்சாமான் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். மீன் காட்டும் கருவி, ஜி.பி.எஸ்., இராத்திரி விளக்கு, பற்றரி, இவைதான் என் உலகம். படகுக்குள் ஏறி வேலை செய்வேன், ஆனால் படகு கரையில் நிற்க வேண்டும். அது அசையத் தொடங்கினால் என் குடல் வாய்க்கு வந்துவிடும். என் கூடப்பிறந்த நானாவோ கடலிலேயே கிடந்தவர். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றிய நேரம் மன்னாரை விட்டு எங்கள் குடும்பம் படகேறி வந்தபோது, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த என் தலையை ஒரு கையால் பிடித்தபடி, எஞ்சின்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கைபிடியைத் தொட்டுப் பார்த்தவர் அவர். எல்லாரும் அழுதுகொண்டு வந்த படகில் அவர் தொழில் படித்துக்கொண்டு வந்தார் என்று உம்மா சொல்லிச் சொல்லித் திட்டுவார். வளர்ந்த பிறகும் ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இது என்ட தம்பி, கரை நண்டு" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் எப்படிக் கோபம் வரும்?

எங்கள் பக்கத்துக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் நின்றுபோய்ப் படகு மாட்டிக்கொண்டால், உடுத்திருக்கும் சாரத்தைக் கழற்றிக் கம்பில் கட்டி உயர்த்திப் பிடிப்பார்கள். தூரத்தில் போகும் படகு அதைக் கண்டால் திரும்பி வந்து கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்க்கும். வந்து இழுக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் கரைக்கு வந்த பிறகு நடக்கும் கூத்துத்தான் பெரிது. சாரத்தைக் கம்பில் கட்டினாய் சரி, இடுப்பில் என்ன கட்டியிருந்தாய் என்று தொடங்குவார்கள். அடுத்தவன் மாட்டிக்கொள்ளும் வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. என் நானா வாழ்நாளில் ஒரு தடவையும் சாரம் தூக்கவில்லை. எஞ்சின் நின்றால் துடுப்புப் போடுவார். துடுப்பும் இல்லாவிட்டால் பலகையைப் பிடுங்கித் துழாவுவார். ஒரு நாள் முழுக்க அப்படித் துழாவி, உள்ளங்கைத் தோல் உரிந்து கரை சேர்ந்தவர், மதினி எண்ணெய் பூசும்போதுகூட, "எரியுதா?" என்ற கேள்விக்கு "இல்ல" என்றுதான் சொன்னார். நான் சாரம் தூக்கினவனில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் எரிச்சலும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது.

வருத்தம், அந்த நோய், அவருடைய கையில்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. எஞ்சினை எழுப்பும் கயிற்றை இழுக்க முடியவில்லை. நானா எஞ்சினைக் குறை சொன்னார். கழற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் நீர்த் தொட்டியில் நிறுத்திக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தேன். முதல் இழுவையிலேயே எழும்பி நின்றது. நானா எஞ்சினைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். கரை நண்டு இழுத்து எஞ்சின் ஓடுகிறது, தான் இழுத்தால் ஓடவில்லை. அன்றைக்கு அவர் சிரிப்பதற்கு ஒரு பகிடியும் விடவில்லை. அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். நரம்பு வருத்தம், கொஞ்சம் கொஞ்சமாகத் தசையெல்லாம் பெலன் இழந்துகொண்டே போகும், நிறுத்த மருந்தில்லை என்று பெரிய டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். திரும்பி வரும் வழியெல்லாம் நானா பஸ் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அவருடைய வீடு குறிஞ்சிப்பிட்டியில். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் படகுகள் போவதும் வருவதும் தெரியும். அந்தக் கதிரையை அவர் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி என்னிடம், "தம்பி, ஏதாவது செய்யுங்க. இவர் வருத்தத்தால போகப் போறல்ல, சும்மா இரிந்தே போயிருவார்" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீவி வாங்கிக் கொடுத்தோம், பார்க்கவில்லை. பள்ளித் தோழர்கள் வந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் புத்தளம் டவுனில் பழைய இரும்பு எடுக்கும் ஒரு கடையில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கேம் பெட்டியைக் கண்டேன். ஆள் உயரத்தில் நிறுத்தி வைத்து, பிடியை ஆட்டிப் பொத்தானை அமுக்கி விளையாடுவார்களே, அந்தப் பெட்டி.

மன்னாரிலிருந்து வந்த புதிதில் நானாவுக்கு அந்தப் பெட்டியில் பைத்தியம் இருந்தது. டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வைத்திருந்தார்கள். விமானம் ஒன்று கீழேயிருந்து மேலே போகும், எதிரி விமானங்கள் வரும், சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, அடுத்த தடவை எந்தப் பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும் என்று எனக்கு மணலில் கீறிக் காட்டுவார். பிறகு கடலுக்குப் போனார், கல்யாணம் முடித்தார், அது மறந்துபோயிற்று. நான் அந்தப் பெட்டியைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் வீட்டு நடு அறையில் இறக்கியபோது, கதிரையைத் திருப்பாமலே கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது உசிரோட இரிக்கா?" என்று கேட்டார். இல்லை, உயிர் கொடுக்க வேண்டும் என்றேன். "அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிறாய்?" என்றார். மதினி குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதார்.

உள்ளே இருந்த பழைய சாமான் எல்லாம் செத்துப்போயிருந்தது. கழற்றி எறிந்துவிட்டு, தட்டையான திரையும் கைக்கடக்கமான ஒரு கணினியும் வைத்தேன். பழைய விளையாட்டுகள் அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும். பெட்டியின் காலை வெட்டித் தாழ்த்தி, கதிரையில் இருந்தபடி முழங்கால் உள்ளே போகும்படி செய்தேன். நானா பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்தது படகு. ஆகவே அந்தப் பெட்டியையும் படகு மாதிரியே செய்விக்கப் பார்த்தார். பொத்தான்களின் அடியில் உள்ள இணைப்புகளைச் சும்மா விடக்கூடாது, படகில் ஊற்றுவதைப்போல ரெசின் ஊற்றி மூடு என்றார். வீட்டுக்குள் இருக்கிற பெட்டிக்கு எதற்கு என்றேன். "கடக்காத்துக்கு ஊசி போற ஓட்ட இரிந்தாப் போதும், உள்ளுக்குப் போய்க் குடியிருந்திரும். மூடுறா, வடிவா மூடு." மூடினேன். படகுப் பொத்தான்களுக்குள் போடும் தடித்த சுருள்கம்பிதான் வேண்டும் என்றார். அலை அடித்தாலும் தானாக அமுங்காது என்பதற்காக வைக்கிற கம்பி அது. அதையும் போட்டேன். அவ்வளவு உறுதியான கேம் பெட்டி இந்தத் தீவில் வேறெங்கும் இருந்திருக்காது. அதைக் கொண்டுபோய்க் கடலில் மிதக்க விட்டிருந்தாலும் வேலை செய்திருக்கும்.

ஒரு மாதமும் ஆகவில்லை, சில கிழமைதான். அந்தச் சுருள்கம்பியை அமுக்கும் பெலன் அவர் விரலில் இல்லாமல் போயிற்று. கம்பியை மாற்றலாம் என்றால் எல்லாம் ரெசினுக்குள் புதைந்து கிடக்கிறது. வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெலனான கைகளுக்குப் பழகிய மனிதர், பெலன் போய்க்கொண்டிருக்கும் தன் கைக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசிக்கவேயில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் இருவருக்குமே ஒரு சாமான் நல்லது என்றால் அது இறுக்கமானது என்றுதான் அர்த்தம். நான் அறுத்துக்கொண்டிருந்தபோது நானா சிரித்தார். "தவள தன்ட வாயால கெட்டிச்சாம். நான்தானே மூடச் சொன்னன்" என்றார். பேனாவுக்குள் இருக்கும் மெல்லிய சுருள்கம்பியைப் போட்டுப் புதிய பொத்தான்கள் செய்தேன். இலை விழுந்தாலும் அமுங்கும். அந்தப் பொத்தான்களுக்கு அவர் 'சீக்காளிப் பட்டன்' என்று பெயர் வைத்தார்.

பிறகு விரல்களே போயின. பிடியைப் பற்ற முடியவில்லை. தோளில் மட்டும் அசைவு இருந்தது. அவருடைய படகு எஞ்சினின் கைபிடி கொட்டிலில் சும்மா கிடந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து பிடிக்குப் பதிலாகப் பொருத்தினேன். முன்கையை அதன்மேல் வைத்துத் தோளால் தள்ளினால் போதும். மேலும் கீழும் வேண்டாம், இடமும் வலமும் போதும் என்றார். எனக்கு என் வேலையில் ஒரே பெருமை. நானா உட்கார்ந்தார், கையை வைத்தார், விளையாட்டுத் தொடங்கியது. விமானம் நேரே போய் எதிரியில் மோதியது. மறுபடியும் மோதியது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று நான் முணுமுணுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "டேய், உன்ட விமானத்துக்குப் புத்தி மாறிக் கிடக்கு. நான் வலத்துக்குக் கேட்டா இடத்துக்குப் போகுது" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அவருடைய தோள் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பழகியிருந்தது. கரை நண்டுக்கு அது எங்கே தெரியும்? உள்ளே இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பூட்டினேன். அவ்வளவுதான். விமானம் அவருக்குக் கீழ்ப்படிந்தது. வெட்டித் திரும்பி, ஒதுங்கி, சுற்றிப் போய், அலைக்குக் குறுக்கே படகு எடுப்பதைப்போலவே எடுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வருத்தம் வந்த பிறகு கண்டதேயில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் வேறு ஒருவராலும் விளையாட முடியவில்லை. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் ஆசையாக உட்காருவார்கள், உடனே மோதிச் சாவார்கள், நானா வயிறு குலுங்கச் சிரிப்பார். கடலுக்குப் போகிறவர்கள் வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார்கள். மாலையில் தொழில் முடிந்து இரண்டு பேர், மூன்று பேர் என்று வரத் தொடங்கினார்கள். கதிரை சுவர்ப் பக்கத்திலிருந்து முழுதாகத் திரும்பியது. சுடுவதற்கு மதினி தன் தையல் மெஷினின் கால் மிதியைக் கழற்றித் தந்தார். "சட்டை தைக்காட்டிப் பரவாயில்ல தம்பி, இவர் சுடட்டும்" என்றார். ஒரு உறுப்பு போகப் போக ஒரு சாமானைப் பூட்டிக்கொண்டே போனேன். பூட்டும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், எதற்குப் பதிலாக அதைப் பூட்டினோம் என்பது நெஞ்சில் வந்து நிற்கும்.

கடைசியில் குரலும் தேய்ந்தது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். மதினி குசினியில் நின்றால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் வேண்டும், தலை சாய்ந்துவிட்டது, எச்சில் அடைக்கிறது, ஒன்றுக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் அவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி வைக்கலாம் என்றேன். "மணி அடிச்சி ஆளக் கூப்பிட நான் என்ன ஆஸ்பத்திரிலயா கிடக்கிறன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினியும் நானும் மாறி மாறிக் கெஞ்சினோம். முடிவில், சத்தம் வேண்டாம், விளக்கு என்றால் சரி, அதுவும் கேம் பெட்டியோடு சேர்ந்த பொத்தானாக இருந்தால் சரி என்று இறங்கி வந்தார். கதிரையின் கைப்பிடியிலிருந்து குழாய் ஒன்றை வளைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில், உள்ளே மெல்லிய கம்பியும் அடியில் நானா சொல்லும் அந்த ரெசினுமாக, இந்தச் சிவப்புப் பொத்தானைப் பொருத்தினேன். கன்னத்தைச் சாய்த்தால் அமுங்கும். குசினிச் சுவரில், படகின் இடப்பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினேன். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்று படகுப் பற்றரி. கேம் பெட்டியிலும் அதோடு சேர்ந்து எரியும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. நானா கன்னத்தை எடுத்துவிட்டாலும் விளக்கு அணையாமலிருக்க உள்ளே ஒரு ரிலேயும் வைத்தேன். ஒரு தரம் தொட்டாலே அது பிடித்துக்கொள்ளும். மதினி வந்து பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சை அமுக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். மதினி குசினியில் இல்லாத நேரம் அழைத்தாலும், திரும்பி வந்ததும் தெரிந்துகொள்ளலாம். இதை மதினிக்கு நன்றாக விளங்கப்படுத்தினேன். அவர் துணி வெட்டி ஒட்டினார். எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு நாள் அவர்களுடைய மகளைப் பெண் கேட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் குசினியில் மதினியோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானாவுக்கு ஒன்றுக்கு வந்திருக்கிறது. கன்னத்தைச் சாய்த்திருக்கிறார். சாய்த்த பிறகுதான் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது. வேண்டாம், அவர்கள் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் விளக்கு அணையாது. அப்படித்தானே செய்து வைத்திருக்கிறேன்! மதினி பதறி ஓடிவர, என்னவோ ஏதோ என்று வந்த பெண்களும் பின்னால் ஓடிவந்துவிட்டார்கள். நானாவின் சாரம் நனைந்திருந்தது. வந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம், நல்ல மனிதர்கள், ஒன்றும் பிழையாக நினைக்கவில்லை. கல்யாணமும் பிறகு நடந்தது. ஆனால் நானா அன்றைக்கு முழுவதும் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது மதினி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். நானா என்னை அருகே அழைத்துக் காதைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "கூப்பிடுறது என்ட விருப்பமா இரிக்கணும்டா. வேணாமெண்டு நெனச்சா இறக்கிரவும் ஏலணும். தூக்கின சாரம் கம்பிலயே கிடந்தா ஊரே பாக்கும்." பிறகு, "மதினிட்ட சொல்லாத" என்றார். சொன்னால் மதினி விடமாட்டார் என்பது எனக்கும் தெரியும். மதினி கேட்பதும் நியாயம், இவர் கேட்பதும் நியாயம். எல்லாவற்றையும் இழந்துகொண்டிருக்கும் ஒரு மனிதர், அழைப்பதையும் அழைக்காமல் விடுவதையும் மட்டும் தனக்கென்று கேட்கிறார். நான் பின்பலகையைத் திறந்து ரிலேயைக் கழற்றி என் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன். இனி கன்னம் பட்டால் எரியும், எடுத்தால் அணையும். பக்கவாட்டுச் சுவிட்சை மட்டும், ஒன்றுக்கும் உதவாவிட்டாலும், அப்படியே விட்டேன்.

மதினி கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் நானா நன்றாக நடித்தார். விளக்கை எரியவைத்து, அவர் வரும் வரை கன்னத்தை எடுக்காமல் காத்திருப்பார். மதினி வந்து சுவிட்சை அமுக்கும் அதே நேரத்தில் கன்னத்தை எடுப்பார். சின்ன விளக்கு அணையும். தான்தான் அணைத்தேன் என்று மதினி நினைத்துக்கொள்வார். ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்படிச் செய்துவிட்டு, மதினியின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த உடம்பில் குறும்பு செய்ய மிச்சமிருந்தது அந்தக் கண் ஒன்றுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் மௌத்தானது ஒரு வெள்ளிக்கிழமை, நாங்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். வீட்டில் மதினி மட்டும். குசினி வேலைக்கு நடுவில் மீன் கழுவப் பின்பக்கம் போயிருக்கிறார். நடு அறையிலிருந்து விமானச் சத்தமும் வெடிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இவர் விளையாடுகிறார் என்று நினைத்து, மனம் ஆறுதலாக, பொறுமையாகக் கழுவியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஆள் விளையாடாமல் கொஞ்ச நேரம் விட்டால், தானே விளையாடிக் காட்டத் தொடங்கிவிடும். கடைகளில் ஆட்களை இழுப்பதற்காக அப்படிச் செய்து வைத்திருப்பார்கள். மதினி உள்ளே வந்தபோது குசினி விளக்கு எரியவில்லை. மீனைப் பொரித்து, தட்டில் சோறு போட்டுப் பிசைந்துகொண்டு நடு அறைக்குப் போனார். திரையில் விமானம் தன் பாட்டில் பறந்துகொண்டிருந்தது. நானாவின் தலை பொத்தான் பக்கமாகச் சாய்ந்து, அதற்குச் சற்றுக் கீழே கிடந்தது.

கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பதை இத்தா என்போம். அந்தக் காலத்தில் மதினியை நான் பார்க்கக் கூடாது. நடு அறைக்குக் குறுக்கே துணித் திரை கட்டியிருந்தார்கள். கேம் பெட்டியும் நானாவின் கதிரையும் திரைக்கு அந்தப் பக்கம், மதினியோடு. நான் இந்தப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தேவையான சாமான் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு வருவேன். ஒரு நாள் எழும்பப் போகும்போது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க."

"சொல்லுங்க மதினி."

"நான் பின்னுக்கு நிக்கேக்க அந்த லைட் எரிஞ்சு அணைஞ்சிரிக்குமா? அவர் கூப்பிட்டு, நான் காணாம விட்டனா?"

எரிந்து அணைந்திருக்கலாம். கன்னத்தைச் சாய்த்து, அவர் வரவில்லை என்று கண்டு, பெலன் போய்ச் சரிந்திருக்கலாம். அல்லது சாரம் தூக்கமாட்டேன் என்று அப்படியே போயிருக்கலாம். அல்லது ஒன்றுமே அறியாமல் உறக்கத்தில் போயிருக்கலாம். மூன்றில் எது என்று சொல்லக்கூடிய ஒரே சாமானை நான் கழற்றிப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மதினிக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் முதலில் விளங்கப்படுத்தியது மட்டும்தான்.

"அது தானா அணையாது மதினி" என்றேன். "ஒருக்கா எரிஞ்சா நீங்க வந்து அணைக்கிற வரைக்கும் எரியும். தெரியும்தானே? நீங்க வந்து பாக்கேக்க எரியல்ல எண்டா, நானா கூப்பிடல்ல."

முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இருப்பதைப்போல வேறு கொடுமை இல்லை. பிறகு, "அப்ப கஷ்டமில்லாமத்தான் போயிரிக்கார், என்ன?" என்றார்.

"ஓம் மதினி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இத்தா முடிந்து நான் போனபோது கேம் பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தார். கழற்றி எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டேன். உண்மையில் ரிலேயைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. "அது அப்படியே கிடக்கட்டும் தம்பி" என்றார். பிறகு வருடங்கள் போயின. அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவேயில்லை. நோன்பு காலத்தில் கஞ்சி அனுப்பாமல் விட்டதில்லை. எனக்கு நெஞ்சு நோவு வந்தபோது எத்தாளையில் தெரிந்த ஒரு வைத்தியரிடம் போகச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பினார். என்னோடு கதைக்கும்போதெல்லாம் அவர் குரலில் முன்பைவிட ஒரு கனிவு இருந்தது. என் பொய் அவருக்கு நிம்மதி கொடுத்துவிட்டது, அதனால்தான் இப்படி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் மதினி மௌத்தானார். வீட்டை ஒதுக்க வந்த அவருடைய மகள் ஒரு மாலை என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு ஷொப்பிங் பை. கேம் பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது, எறிய வேண்டியதாகப் போயிற்று, இதை மட்டும் எறிய மனம் வரவில்லை என்று இந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்து மேசையில் வைத்தாள். வாப்பாவின் கன்னம் பட்ட சாமான் என்றாள். பிறகு, "சாச்சா, உம்மா சொல்ல வேணாமெண்ட ஒரு கத" என்று தொடங்கினாள்.

"உம்மா இத்தாவுல இரிக்கேக்க, நீங்க வந்து போன ஒரு நாள், நான் திரைக்குள்ள போனன். உம்மா வாப்பாட கதிரைல இரிந்துக்கிட்டு இந்தப் பட்டன அமத்துறா, விடுறா. பெட்டில உள்ள சின்ன லைட் எரியுது, அணையுது. சுவிட்சத் தொடவேயில்ல. என்ன செய்றீங்க எண்டு கேட்டன். ஒண்டுமில்ல எண்டு துணியப் போட்டு மூடிட்டா. 'சாச்சாட்ட இதப் பத்திக் கதைக்காத, அவர் பாவம்' எண்டா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஏன் சாச்சா அப்படிச் சொன்னா?"

அவளுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன். எல்லாவற்றையும் யோசித்த நான், அந்தப் பெட்டியோடு ஒரே அறையில் இத்தா முழுவதும் இருக்கப்போகும் ஒரு பெண் அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பாள் என்பதை யோசிக்கவில்லை. அவருக்கு அத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது பொய் என்பதும் தெரிந்திருக்கிறது, ஏன் சொன்னேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தக் கனிவெல்லாம் அதற்குத்தான். நான் அவரைத் தேற்றிவிட்டேன் என்று இருந்தேன், அவர் என்னைத் தேற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். நானா கண்ணடித்தது அவருக்கும் ஒருவேளை தெரிந்திருக்குமோ என்றுகூட இப்போது நினைக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

இன்று காலை கடையைத் திறந்ததும் லாச்சியிலிருந்து பொத்தானை எடுத்தேன். கூரையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கரையில் ஒரு படகு எஞ்சினை எழுப்புகிற சத்தம் கேட்டது. அதன் ஒரு வயரில் பற்றரியையும் மறு வயரில் படகில் பூட்ட வைத்திருந்த ஒரு சிவப்பு விளக்கையும் இணைத்தேன். ரெசினுக்குள் ஒரு சொட்டு உப்பும் போகவில்லை. நானா சொன்னபடி வடிவாகத்தான் மூடியிருக்கிறேன். மதினியின் துணி பட்ட இடத்தில் கன்னத்தை வைக்கலாமா என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, விரலால்தான் அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அழுத்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தேன், யாரோ வருவதற்காகக் காத்திருப்பதைப்போல. பிறகு கையெடுத்தேன். அணைந்தது.